தளர்ந்த வில்லும் தட்டிக்கழிக்கும் ஆட்சியும்

விடியற்காலையில் நெல்லியடிச் சந்தைக்கு வந்து சேரும் கெப் வாகனங்களையும் பட்டா வாகனங்களையும் பின்னால் நின்று பார்ப்பவர் எவரும் வடமராட்சிக் கமக்காரனின் நிலையை ஒரு நொடியில் அறிந்துகொள்வர். ஒரு பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும், வால் நிலத்தை நோக்கவும் முன்விளக்குகள் பனைமர வட்டுக்களைத் தேடவும் அவை தள்ளாடி வருகின்றன. கரணவாய் வெங்காயமும், துன்னாலை மரக்கறியும், பருத்தித்துறை முனையின் மீனும் அவற்றின் முதுகில் ஏறியே காசாகின்றன. அந்த முதுகோ தளர்ந்து ஒடிந்து கிடக்கிறது.

வாகனத்தின் பின் அச்சின்மேல் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டிருக்கும் வில்லுத் தகடுகளைப் பற்றி, நம் கராச்சுக்காரர் ‘ஸ்பிரிங்’ என்று சொல்லும் அவற்றைப் பற்றி, ஓர் அரசியல் வார ஏடு எழுதப் புகுவதேன் என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்போர் நகைக்கட்டும். அரசியல் என்பது மேடையில் தொடங்கி மேடையிலேயே முடிவது என்று எண்ணுவோருக்கு இக்கட்டுரை உரியதன்று. உழுதவன் கையில் எஞ்சுவது என்ன, இடையில் அழிவது என்ன, அவ்வழிவுக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்பதே அரசியல் என்று கருதுவோருக்கே இதனை எழுதுகின்றோம்.

வில் என்ன செய்கிறது?

கட்டை வண்டிக்கு வில் இல்லை. குழியில் சில்லு விழுந்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் அச்சுக்கும், அச்சிலிருந்து வண்டித் தட்டுக்கும், தட்டிலிருந்து சரக்குக்கும் ஏறும். மேலைநாட்டிலே 1804ஆம் ஆண்டில் ஒபதையா எலியட் என்னும் ஆங்கிலேயர் எஃகுத் தகடுகளை அடுக்கி வளைத்து வண்டியின் கீழ்ப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரு நூற்றாண்டுகள் கழிந்தும் சரக்கேற்றும் வாகனங்கள் பெரும்பாலும் அந்த வழியையே பின்பற்றுகின்றன. தகடுகள் வளைந்து கொடுத்து அதிர்ச்சியை வாங்குகின்றன. ஒன்றோடொன்று உராய்ந்து அதனைத் தணிக்கின்றன. அச்சை அதன் இடத்தில் நேராகப் பிடித்து நிறுத்துபவையும் அவையே.

இந்த மூன்றாவது வேலையையே நம்மவர் மறந்துவிடுகின்றனர். வில் தேய்ந்தால் வாகனம் குலுங்கும் என்று மட்டுமே எண்ணுகின்றனர். தகடுகளை இணைக்கும் நடுப்போல்ட் முறிந்தால் அச்சே நகரும். அச்சு நகர்ந்தால் வாகனம் நேரே ஓடாது. நண்டுபோல் பக்கவாட்டில் ஓடும். தாய்த் தகட்டின் கண் உடைந்தால் சில்லு ஒருபுறம் இழுக்க, வாகனம் மதகில் மோதும்.

பிறேக்கோடும் வில்லுக்கு உறவு உண்டு. பழைய ஜப்பானியக் கெப் வாகனங்கள் பலவற்றில் பின் அச்சுக்கும் சசிக்கும் இடையே ஒரு சிறு கோலும் வால்வும் பொருத்தப்பட்டுள்ளன. சசி தாழ்ந்தால் பாரம் ஏறியுள்ளது என்று அந்த வால்வு கொண்டு, பின் பிறேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். சசி உயர்ந்தால் வெறும் வாகனம் என்று கொண்டு அழுத்தத்தைக் குறைக்கும். வில் தளர்ந்த வாகனமோ வெறுமையாக இருக்கும்போதும் தாழ்ந்தே நிற்கும். மாரி மழையில், நனைந்த தாரில், வெறும் வாகனத்தின் பின்சில்லுகள் இறுகிப் பூட்டிச் சறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். சாரதியின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகின்றோம். தளர்ந்த வில்லை எவரும் குற்றக்கூண்டில் ஏற்றுவதில்லை.

தடைகள் தந்த பழக்கம்

வடமராட்சியின் வாகனங்கள் ஏன் இந்நிலைக்கு வந்தன? எம்மவர் சோம்பேறிகள் என்பதாலா? அன்று. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதனை மறைத்துவிட்டு நமக்குப் பாதுகாப்புப் பாடம் கற்பிக்க வருவோருக்கு அந்த வரலாற்றை நினைவூட்டல் நம் கடன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு என நீண்ட அப்பட்டியலில் வாகன உதிரிப்பாகங்களும் அடங்கியிருந்தன. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தார் என்ன செய்தனர்? பெற்றோலை ஒரு சிறு குப்பியிலிருந்து காபரேற்றருக்குள் சொட்டவிட்டு இயந்திரத்துக்கு உயிரூட்டிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய 1950களின் கார்கள் நோயாளரையும் பிணங்களையும் நெல் மூட்டைகளையும் சுமந்தன. அக்கார்களின் பின்புறத்தைத் தாங்கியவையும் இதே வில்லுத் தகடுகளே. ஒரு வாகனத்தின் உடைந்த வில்லுக்கு இன்னொரு வாகனத்தின் தகடு வெட்டிப் பொருத்தப்பட்டது. கராச்சுக்காரரும் கொல்லரும் செய்த அந்த வேலை ஒரு சமூகம் உயிர்பிழைக்கச் செய்த வேலை. அதனைக் குறைத்துப் பேச நாம் ஒருப்படோம்.

கடல் கடந்தும் இதற்கு ஒப்பு உண்டு. 1962 முதல் அமெரிக்கத் தடையின் கீழ் வாழும் கியூபாவிலே 1950களின் அமெரிக்கக் கார்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றைக் கண்டு உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கின்றனர். ஹவானாவின் வாகனத்தொழிலாளியின் நெருக்கடி, பார்ப்பவனுக்கு அழகுக் காட்சி! யாழ்ப்பாணத்து ஏ-40 காரைப் பார்த்துச் சிரித்துப் படமெடுப்போரும் அவ்வினத்தவரே.

2002இல் ஏ-9 பாதை திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. தரைவழி அற்றுப்போக, பருத்தித்துறைக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பலில் வந்ததைக் கொண்டே குடாநாடு வாழ்ந்தது. அரிசிக்கும் மாவுக்கும் இடம் போதாத கப்பலில் வில்லுத் தகட்டுக்கு இடம் ஏது? போர் 2009இல் முடிந்தது. பாதை திறந்தது. ஆனால் இருபது ஆண்டுகளாகக் கைவந்த பழக்கம் பாதை திறந்தவுடன் போய்விடுமா? நெருக்கடியில் பிறந்த ஒட்டுவேலை, நெருக்கடி நீங்கிய பின்னும் தொழில்முறை என்ற பெயரில் நிலைத்துவிட்டது.

அது நிலைத்ததற்கு ஆளவந்தோரும் துணை புரிந்தனர். 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றைக் காரணங்காட்டி வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே அத்தடை நீங்கியது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்! இடையில் 2022 வந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு இருநூறு ரூபாவளவில் நின்ற நாணயம், மே மாதத்துக்குள் முந்நூற்றறுபதைத் தொட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தகடும் போல்ட்டும் புஷ்ஷும் அதே வேகத்தில் விலையேறின. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதிசேர் வரி 18 சதவீதமாயிற்று. உல்லாசத்துக்காகக் கார் வைத்திருப்பவனுக்கும், வெங்காயம் ஏற்ற வாகனம் வைத்திருப்பவனுக்கும் ஒரே வரி. இதற்குப் பெயர் சமநீதியாம்!

புதிய வாகனம் வாங்க வழியில்லை; பழையதைத் திருத்தப் பணமில்லை. ஆகவே ஓடுகிற வரையில் ஓடட்டும் என்று விட்டனர். இப்பொழுது தடை நீங்கிவிட்டதே, புதியது வாங்கலாமே என்று கொழும்பில் உள்ளோர் சொல்வர். சுங்க வரி, அதன்மேல் மேலதிக வரி, உற்பத்தி வரி, பெறுமதிசேர் வரி என்று அடுக்கிய பின்னர் அந்த வாகனத்தின் விலையைக் கமக்காரனின் வெங்காயப் பாத்தி எத்தனை போகம் விளைந்து அடைப்பது? புதியது வாங்கு என்பது அறிவுரை அன்று. வயிறெரிந்தவனைப் பார்த்து விருந்துக்கு வா என்று சொல்லி வீட்டைப் பூட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும். இருபது முப்பது ஆண்டு ஓடிய வாகனங்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடத்தான் போகின்றன. அவை பாதுகாப்பாக ஓடுவதற்கு வழி காண்பதே அறிவுடைமை.

ஒட்டுத் தகடு என்னும் ஏமாற்று

தளர்ந்த வில்லோடு வாகனத்தைக் கொண்டுபோனால் நம்மூரில் மூன்று வைத்தியங்கள் சொல்லப்படுகின்றன. மூன்றையும் நாம் மறுக்கின்றோம்.

முதலாவது, இருக்கும் தகடுகளோடு இன்னொரு தகடு சேர்ப்பது. நான்கு தகட்டோடு அதே தடிப்புள்ள ஐந்தாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழக் காற்பங்கு கூடும். தடிப்புக் கூடிய தகடானால் கணக்கு இன்னும் கடுமையாகும். தகட்டின் தடிப்பை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது பொறியியல் மாணவன் அறிந்த விதி. லொறியிலிருந்து கழற்றிய தடித்த தகட்டைக் கெப் வாகனத்துக்குப் போட்டுவிட்டு, இனிப் பயமில்லை என்று முதுகில் தட்டி அனுப்புகின்றார்கள். பயம் அப்பொழுதுதான் தொடங்குகின்றது. விறைத்த தகடு வளைந்து கொடாது. வளையாத வில் அதிர்ச்சியைச் சசியிடம் கையளிக்கும். துருப்பிடித்த பழைய சசியில் வெடிப்பு விழும். மேலே சொன்ன பிறேக் வால்வோ, வாகனம் உயர்ந்து நிற்பதைக் கண்டு, நிறைபாரம் ஏற்றிய வேளையிலும் வெறும் வாகனம் என்றே கொண்டு பின் பிறேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். வல்லை வெளியில் எதிரே மாடு குறுக்கிட்டால் வாகனம் நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது.

இரண்டாவது, பழைய தகட்டைக் காய்ச்சி அடித்து மீண்டும் வளைப்பது. இதனை முறையாகச் செய்தல் இயலும். ஆனால் அதற்கு முறை வேண்டும். வில்லுக்குரிய எஃகு சிலிக்கனோ மங்கனீசோ குரோமியமோ கலந்த தனி எஃகு. அதனை ஏறத்தாழ 850 முதல் 900 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கி, பின்னர் 450, 500 பாகையளவில் மீண்டும் சூடேற்றிப் பதப்படுத்தல் வேண்டும். முதற்படியோடு நின்றால் தகடு கண்ணாடிபோல் உடையும். அமிழ்த்தாது ஆறவிட்டால் இரண்டு மாதத்தில் மீண்டும் சப்பையாகும். வாயு விளக்கால் ஓர் இடத்தை மாத்திரம் சிவக்கக் காய்ச்சித் தட்டி வளைப்பது, அந்த இடத்தின் பதத்தைக் கொன்று அங்கேயே முறிவை வரவழைப்பதாகும்.

மூன்றாவது, உடைந்த தகட்டை ஒட்டி வைப்பது. இதனை வன்மையாகக் கண்டிக்கின்றோம். ஒட்டின் வெப்பம் பட்ட இடத்தில் பதம் கெடுகிறது. ஒட்டு ஆறிய இடம் நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஒட்டு விடாது இருந்தாலும் அதன் ஓரத்திலேயே தகடு மறுபடி முறியும். இன்று ஒட்டியவன் நாளை அந்த வாகனத்தோடு வீதியில் எதிர்ப்படும் பள்ளிப்பிள்ளைக்கு என்ன பதில் சொல்வான்?

இம்மூன்றும் மலிவு என்பார்கள். மலிவுதானா? ஒரு பக்கம் தாழ்ந்த வாகனத்தில் ரயர் ஓரமாகத் தேய்கிறது. அதிர்ச்சித் தாங்கிகள் கெடுகின்றன. மேலே தக்காளிப் பெட்டி நசுங்குகிறது. நசுங்கியதைச் சந்தையில் வாங்குவோன் விலை குறைத்துக் கேட்கிறான். இந்த இழப்புகளை எல்லாம் கூட்டிப் பார்ப்பவன் எவனும் ஒட்டுத் தகட்டை மலிவு என்று சொல்லான்.

கமக்காரரிடமும் ஒரு வார்த்தை

ஆட்சியைக் கண்டிக்கும் உரிமை நமக்கு உண்டு. அதே நாவால் எம்மவரையும் கேட்டாக வேண்டும். ஒரு தொன்னுக்கு உட்பட்ட பாரம் ஏற்றவென்று ஆக்கப்பட்ட சிறு வாகனத்தில் அதன் இருமடங்கு ஏற்றுவது எந்த நியாயம்? ஒரு முறைக்கு இரு முறை போய்வர எரிபொருள் செலவாகும் என்பர். உண்மையே. ஆனால் வில்லின் ஆயுள் பாரத்தோடு ஒரே விகிதத்தில் குறைவதில்லை. அதைவிடப் பன்மடங்கு வேகத்தில் குறைகிறது. மிகைப்பாரம் ஏற்றிய ஒரு சில நாள்கள், அளவோடு ஏற்றிய பல நாள்களின் ஆயுளைத் தின்றுவிடும்.

மயிலிறகே ஆயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதை நம் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். அவர் அதனை வைத்த இடம் வலியறிதல் அதிகாரம். பொருட்பாலில், அரசர்க்கு உரைத்த பகுதியில். வண்டி ஓட்டுபவனுக்கு மட்டுமன்றி, குடிகளின் மேல் வரிமேல் வரியாக ஏற்றுகின்றவனுக்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும் என்பதைக் கொழும்பில் அமர்ந்திருப்போர் கவனிப்பாராக.

கரையோரத்தாருக்குத் தனியே ஒன்று சொல்வோம். மீன்பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் நேரே வில்லின்மேல் விழுகிறது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே புகுந்து அரிக்கிறது. அரித்த பள்ளத்திலிருந்தே வெடிப்புத் தொடங்குகிறது. மாலையில் இரண்டு வாளி நன்னீர் ஊற்றிக் கழுவினால் வில்லின் ஆயுள் நீளும். இரண்டு வாளித் தண்ணீருக்கு எந்த அரசாங்கமும் தடை விதிக்கவில்லை.

முறையாக மாற்றுவது எங்ஙனம்?

கண்டித்ததோடு நிற்றல் முறையாகாது. செய்யத்தக்கது யாது என்பதையும் உரைப்போம்.

வாகனத்தை வெறுமையாக்கிச் சமதரையில் நிறுத்துங்கள். இரு பின்சில்லுகளின் நடுவிலிருந்தும் மேலுள்ள மட்காட் விளிம்புவரை அளந்து பாருங்கள். இரு பக்க அளவும் வேறுபட்டால், அல்லது வெறும் வாகனத்திலேயே தகடுகள் வளைவிழந்து நேராகக் கிடந்தால், வில்லின் காலம் முடிந்தது. நடுப்போல்ட் துளையின் அருகிலும், தாய்த் தகட்டின் கண்ணைச் சுற்றியும் கம்பித் தூரிகையால் துருவை நீக்கி வெடிப்பு உண்டா என்று நோக்குங்கள்.

மாற்றும்போது இரு பக்கமும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக விடுவது, ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் செருப்பும் அணிந்து ஓட்டப் பந்தயத்துக்குப் போவதை ஒக்கும். வாகனத்தின் மாதிரிக்கும் பாரத்துக்கும் உரிய வில்லையே வாங்குங்கள். யூ-போல்ட்டுகளைப் பழையபடி போடாதீர்கள். ஒருமுறை இறுக்கி நீண்ட போல்ட் மறுமுறை அதே பிடி பிடிக்காது. ஷெக்கிளும் புஷ்ஷும் நடுப்போல்ட்டும் புதியனவாகட்டும். வில்லின் விலையோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை அற்பம்.

சசியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்திய பின்னரே வேலை தொடங்குக. ஜக்கை மாத்திரம் நம்பி வாகனத்தின் கீழ்த் தலை நுழைத்தல் தற்கொலைக்கு ஒப்பாகும். அச்சைத் தனியே தாங்கிப் பிடித்தே யூ-போல்ட்டைக் கழற்றுக. நடுப்போல்ட்டின் தலை அச்சின் குழியில் சரியாக அமர்ந்ததா என்று பார்த்து, யூ-போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்குக. றப்பர் புஷ் உள்ள கண்களின் போல்ட்டுகளை வாகனம் தன் பாரத்தோடு நிலத்தில் நின்ற பின்னரே இறுதியாக இறுக்குதல் வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகிச் சில மாதத்தில் கிழியும். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் யூ-போல்ட்டை மீண்டும் இறுக்க மறவாதீர்கள். இவ்விறுதி வேலையைச் செய்யாத காரணத்தாலேயே புதிய வில்லின் நடுப்போல்ட் முறிகிறது. பழி வில்லைச் செய்தவன் தலையில் விழுகிறது. பிறேக் வால்வின் கோலையும், முன்விளக்கின் நோக்கையும் இறுதியில் சரிபார்த்துக்கொள்க.

இவற்றில் எதுவும் நம் கராச்சுக்காரரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கைகளுக்கு இது பெரிதா? வேண்டுவது நல்ல பொருள், உரிய கருவி, பொறுப்பு ஆகிய மூன்றுமே.

நாம் கேட்பது என்ன?

முதலாவதாக, விளைபொருள் ஏற்றும் சிறு வாகனங்களின் வில், பிறேக், ஸ்ரியறிங் ஆகிய உயிர்காக்கும் உதிரிப்பாகங்களுக்கு வரிச் சலுகை வேண்டும். எந்த வாகனம் கமத்தொழிலுக்கு உரியது என்று அறிவது எப்படி என்று அதிகாரிகள் கேட்பர். கமநல சேவை நிலையங்களில் உரமானியத்துக்குக் கமக்காரரைப் பதிவு செய்யத் தெரிந்த அரசுக்கு, அவர் வாகனத்தைப் பதிவு செய்யத் தெரியாதா?

இரண்டாவதாக, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் விழித்தெழ வேண்டும். கூட்டுறவுக்குப் பேர்போன மண் யாழ்ப்பாணம். மூளாயில் கூட்டுறவால் வைத்தியசாலையே நடத்திக் காட்டியவர்கள் நாம். தனியொருவன் ஒரு சோடி வில் வாங்கினால் கடைக்காரன் சொன்னது விலை. ஐம்பது பேர் சேர்ந்து தரம் சொல்லி வாங்கினால் விலை இறங்கும். போலிப் பொருளும் ஓடும். வாங்கிய வில்லைத் தவணையில் கொடுத்து அறுவடையில் அறவிடலாம்.

மூன்றாவதாக, அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை போரில் அழிந்து 2014இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே ஓர் உலையும், ஓர் எண்ணெய்த் தொட்டியும், வெப்பத்தை அளக்கும் கருவியும் கொண்ட ஒரு வில்லுப் பட்டறை எழும்ப வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அருகிலேயே 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அங்கே உலோகத்தின் பதத்தைச் சோதிக்க அறிவுடையோர் உளர். இங்கே பரம்பரையாக இரும்பை அறிந்த கொல்லர் உளர். இரு சாராரும் சந்திக்கவில்லை. சந்திக்க வைப்பதற்கு ஒரு தலைவனுக்கு மனம் வேண்டும். பெரிய பணம் வேண்டியதில்லை. தென்னிலங்கையிலே மொறிஸ் மைனர் காரின் உடற்றகடுகளைச் செய்து, அக்கார் பிறந்த பிரித்தானியாவுக்கே அனுப்பி விற்றனர். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நான்காவதாக, ஆண்டுதோறும் வருமான அனுமதிப் பத்திரம் பெறுமுன் வாகனத்தின் புகையை அளக்கின்றார்கள். நன்று. புகையை அளக்கும் அரசு, பாரம் சுமக்கும் எல்லா வாகனங்களினதும் வில்லையும் பிறேக்கையும் ஏன் அவ்வாறே நோக்குவதில்லை? தகுதிச் சான்று எல்லா வாகன வகைகளுக்கும் கேட்கப்படுவதில்லை. சோதனை வரட்டும். ஆனால் அது தண்டப்பணம் பறிக்கும் இன்னொரு வலையாக வருமானால் எதிர்ப்போம். குறை கண்டால் திருத்த அவகாசமும், திருத்தக் குறைந்த வட்டிக் கடனும் தந்து, அதன்பின் தண்டிக்கட்டும்.

ஐந்தாவதாக, வீதிகள். 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் வடக்கின் கிராமிய வீதிகளுக்கென 5,000 மில்லியன் ரூபா அறிவிக்கப்பட்டது. அறிவித்ததை வரவேற்கின்றோம். ஆயினும் அறிவிப்பு ஏட்டில் இருக்கும் வரை குழி வீதியில் இருக்கும். எந்த வீதிக்கு எவ்வளவு, எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிந்தது என்று ஒவ்வொரு பிரதேச சபையும் தன் வாயிலில் பலகை எழுதி வைக்கட்டும். வடமராட்சி கிழக்கின் மணற்பாதைகளில் மீன் ஏற்றி வருகின்றவன் அந்தப் பலகையைப் படித்துத் தானே தீர்ப்புச் சொல்வான்.

கற்றவர் கடன்

இறுதியாக, நம் வாசகரான வைத்தியர்களையும் வழக்கறிஞர்களையும் பொறியியலாளர்களையும் ஆசிரியர்களையும் நோக்கிச் சில கூறுவோம். வில் உடைந்த வாகனம் உங்கள் பொருள் அன்று என்று ஒதுங்காதீர்கள். அது கவிழ்ந்தால் காயப்பட்டவர் ஆதார வைத்தியசாலையில் உங்கள் முன்னேதான் கிடத்தப்படுவார். வழக்கு உங்கள் மேசைக்கே வரும். பொறியியலாளரே, ஒரு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்க் கராச்சுக்குப் போய், மேலே சொன்ன அளவையையும் இறுக்கும் முறையையும் காட்டிக் கொடுங்கள். அங்கே நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியவையும் பல இருக்கும். வழக்கறிஞரே, வரிச் சலுகைக்கான மனுவை எழுதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் கொடுங்கள்.

நம் முன்னோர் தலைச்சுமையோடு நடந்து வருபவன் இளைப்பாறத் தெருவோரம் சுமைதாங்கிக் கல் நாட்டினர். பருத்தித்துறையில் வீதியின் குறுக்கே தெருமூடி மடம் கட்டி, வெயிலில் வந்தவனுக்கு நிழல் கொடுத்தனர். சுமப்பவன் யாராயினும் அவன் சுமை ஊராருக்கும் உரியது என்பது அவர்கள் கொண்ட கொள்கை. இற்றை நாளில் சுமை தலையிலிருந்து வாகனத்துக்கு ஏறியுள்ளது. கொள்கை மாற வேண்டியதில்லை.

அடுத்த வெங்காய அறுவடைக்கு முன்னர் ஒவ்வொரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமும் தன் பகுதியில் எத்தனை வாகனங்களுக்கு வில் மாற்ற வேண்டும் என்று கணக்கெடுக்கட்டும். அந்தக் கணக்கோடு பிரதேச செயலகத்தின் கதவைத் தட்டுவோம், பின்னர் மாவட்டச் செயலகத்தை, பின்னர் கொழும்பை. கணக்கில்லாமல் கேட்டவனுக்கு அனுதாபமே கிடைக்கும். கணக்கோடு கேட்பவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.